சுபாஷ் முகோபாத்யாய்
(1931–1981) இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையை உருவாக்கிய கொல்கத்தா மருத்துவர், ஹார்மோன் ஆய்வாளர். எடின்பரோவில் 1967இல் முனைவர் பட்டம் பெற்றார். உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையான லூயிஸ் பிரவுன் இங்கிலாந்தில் பிறந்து 70 நாள் கழித்து, 1978 அக்டோபர் 3 அன்று, இவர் முயற்சியில் 'துர்கா' பிறந்தாள்.

அவரது செய்முறைதான் வியப்புக்குரியது. இங்கிலாந்துக் குழு இயற்கையாக முதிரும் ஒற்றைக் கருமுட்டையை நம்பியிருந்தபோது, இவர் ஹார்மோன் ஊசியால் பல முட்டைகளை முதிரச் செய்தார். வயிற்றைத் துளைக்காமல் யோனி வழியாக அவற்றை எடுத்தார். உருவான கருவை உறையவைத்து, வேறொரு மாதவிடாய்ச் சுழற்சியில் கருப்பையில் வைத்தார். இம்மூன்றும் இன்று கருத்தரிப்பு மையங்களின் அன்றாட நடைமுறைகள்.

மேற்கு வங்க அரசு அமைத்த விசாரணைக் குழு இவர் கூற்றை நம்ப மறுத்தது. ஹார்மோன் ஆய்வாளரைக் கண் மருத்துவ நிறுவனத்துக்கு மாற்றிய விந்தையும் நடந்தது. 1981 ஜூன் 19இல் தற்கொலை செய்துகொண்டார். தபன் சின்ஹாவின் 'ஏக் டாக்டர் கி மவுத்' (1990) இவர் வாழ்வைத் தழுவிய திரைப்படம்.

1986இல் மும்பையில் பிறந்த ஹர்ஷாவே இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை என்று 1997 வரை கருதப்பட்டது. அச்சாதனையில் பங்குகொண்ட டி.சி. ஆனந்த குமாரே சுபாஷின் குறிப்புகளை ஆராய்ந்து, முதலிடம் அவருக்கே உரியது என 1997இல் எழுதினார்.