வீட்டு சர்வருக்குப் பெயர் மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியிலிருந்து கிள்ளானில் உள்ள பெற்றோர் வீட்டுக்கே குடிமாறி வரும் மகன், தன் சிறிய சர்வரையும் கையோடு கொண்டு வருகிறார். அப்பா அம்மாவின் கல்யாணப் படங்கள் வரை சேமித்து வைத்த இன்னொரு சர்வர் அந்த வீட்டில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டும் ராஸ்பெர்ரி பை கணினிகள். இரண்டுக்கும் முதலில் அமைந்த 'ராஸ்பெர்ரிபை' என்ற பெயர்தான். ஒரே வைஃபையில் ஒரே பெயரில் இரண்டு இருக்க முடியாது. அதனால் பின்னால் வந்தது தானாகவே 'ராஸ்பெர்ரிபை-2' ஆகிவிடும்.

இந்தப் பெயருக்கு ஹோஸ்ட்நேம் என்று பெயர். அதை மாற்றினால் உள்ளே இருக்கும் படங்களுக்கு ஒன்றும் ஆகாது. பிரிக்பீல்ட்ஸ் சாலை, துன் சம்பந்தன் சாலை ஆனபோது கடைகள் இருந்த இடத்திலேயே இருந்தன, விலாசம்தான் மாறியது. இதுவும் அதைப் போன்றதே.

இரண்டில் எதை மாற்றுவது? புதிதாக வந்ததை மாற்றுவதே நல்லது. பழையதை மாற்றினால், அடுத்த முறை மின்சாரம் போய் வரும்போது 'ராஸ்பெர்ரிபை' என்ற பெயரைப் புதிய சர்வர் எடுத்துக்கொள்ளும். அப்பாவின் கைப்பேசி பழைய பெயரையே நம்பிப் படங்களை அனுப்பும். அங்கே கோப்புறையும் கடவுச்சொல்லும் பொருந்தாவிட்டால் காப்புப் பிரதி சத்தமில்லாமல் நின்றுவிடும். பல மாதம் கழித்துக் கைப்பேசி தொலைந்த பிறகுதான் அது தெரியவரும்.

பெயரில் ஆங்கில எழுத்து, எண், நடுவில் இணைப்புக்கோடு ஆகியவை மட்டுமே வரலாம். இடைவெளியும் அடிக்கோடும் கூடாது. 63 எழுத்து வரை விதி இடம் தந்தாலும், விண்டோஸ் கணினிகளும் உள்ள வீட்டில் 15-க்குள் வைப்பது பாதுகாப்பு.

லினக்ஸில் 'ஹோஸ்ட்நேம்சிடிஎல்' கட்டளை பெயரை மாற்றிவிடும். ஆனால் 'ஹோஸ்ட்ஸ்' என்ற கோப்பில் 127.0.1.1 என்ற எண்ணுக்கு எதிரே பழைய பெயர் இருந்தால் அதையும் கையால் திருத்த வேண்டும். பலர் மறப்பது இதைத்தான். பிறகு 'சூடோ' போடும்போதெல்லாம் பெயர் தெரியவில்லை என்று எச்சரிக்கை வரும். உலகக் கணினிகளின் பெயர்கள் எல்லாம் ஒரே கோப்பில் இருந்த காலம் ஒன்று உண்டு. 1983இல் பால் மொகாபெட்ரிஸ் டிஎன்எஸ் முறையை வகுத்தார். அந்தப் பழங்காலத்தின் மிச்சம்தான் இந்தக் கோப்பு.

திருத்தியதும் சர்வரை மறுதொடக்கம் செய்யலாம். ரவுட்டரின் பட்டியல் சிறிது நேரம் பழைய பெயரையே காட்டும், அது பிழையல்ல. அந்தச் சர்வரைத் தேடும் மற்ற இடங்களில் பெயரைத் திருத்துவதுதான் உண்மையான வேலை: விண்டோஸில் இணைத்த டிரைவ், தொலைக்காட்சியில் படம் பார்க்கும் செயலி, பிரிண்டரின் ஸ்கேன் கோப்புறை, கைப்பேசியின் காப்புச் செயலி. ரவுட்டரிலேயே சர்வருக்கு நிலையான ஐபி எண் ஒதுக்கி வைத்தால், பெயர் குழம்பினாலும் எண்ணைப் போட்டு உள்ளே போகலாம்.

இணைய நிறுவனம் தந்த ரவுட்டரோடு, கடையில் வாங்கிய இன்னொன்றையும் மாட்டிய வீடுகளில் இரண்டு தனித்தனி வலையமைப்புகள் இருக்கக்கூடும். 'லோக்கல்' என்று முடியும் பெயர் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாண்டாது. பெயர் மாற்றம் பலிக்கவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும் முன், கைப்பேசி எந்த வைஃபையில் இருக்கிறது என்று பார்ப்பது நல்லது.

கடைசியாக, கைப்பேசியில் ஒரு படம் எடுத்து, அது சர்வரின் கோப்புறைக்கு வந்துவிட்டதா என்று கணினியில் திறந்து பார்க்க வேண்டும்.