புகார்க் கடலடியில் ஆங்கில ஈயம்

பழவங்காடியில் குடியிருக்கும் நமக்கு 'அங்காடி' என்பது தினமும் வாயில் புழங்கும் சொல். சிலப்பதிகாரம் காட்டும் புகாரிலும் ஒரு நாளங்காடி இருந்தது. கடல்கொண்டதாகச் சொல்லப்படும் அந்தப் புகாரைத் தேடி, கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தார் பூம்புகார்க் கடலில் மூழ்கி ஆராய்ந்தார்கள். அப்போது கிடைத்தவற்றுள் ஒன்று, சிதைந்து கிடந்த ஒரு கப்பல்.

ஆழம் ஏறத்தாழ 20 மீட்டர். அங்கே அழுத்தம் கரையில் உள்ளதைப்போல மூன்று மடங்கு; முதுகில் சுமக்கும் காற்றும் மூன்று மடங்கு வேகத்தில் தீரும். ஆக, முக்குளிப்பவருக்குக் கிடைப்பது கொஞ்ச நேரந்தான். அங்கே கண்டெடுத்த ஈயக் கட்டிகளில் 'டபிள்யூ. பிளாக்கெட்' என்ற பெயரும் 1791, 1792 என்ற ஆண்டுகளும் பொறித்திருந்தன. பிளாக்கெட், வட இங்கிலாந்தில் ஈயச் சுரங்கம் நடத்திய குடும்பம்.

கப்பல் 1792-இல்தான் மூழ்கியது என்று சொல்லிவிட முடியாது. அதற்கு முன் மூழ்கியிருக்காது, அவ்வளவுதான். இங்கே திருவிதாங்கூரை தர்மராஜா ஆண்ட காலம் அது.

சோழர் துறைமுகத்தைத் தேடப்போய்க் கம்பெனிக் காலச் சரக்கா என்று சிலர் சலித்துக்கொள்ளலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாம் விரும்பியதை அல்ல, உள்ளதைக் காட்டுவதுதானே சான்று?

கோவளத்தில் ஸ்கூபா பழகும் நம் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லிவைப்போம். கடலடியில் பழம்பொருள் எதைக் கண்டாலும் கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டுத் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். வீட்டு அலமாரிக்கு வந்துவிட்டால், எந்தக் கப்பலோடு கிடந்தது என்ற சேதி போய்விடும். வெறும் ஈயம்தான் மிஞ்சும்.