ஈயக்கோடும் மின்ரம்பமும்

பலிபீடத்துக்கென எடுக்கும் கல்லின்மேல் ஆயுதம் படலாகாது என்பது யாத்திராகமம் 20ஆம் அதிகாரத்துக் கட்டளை. சாலொமோன் ஆலயத்தைக் கட்டிய நாட்களில் இருப்பாயுதங்களின் ஓசை அவ்விடத்தில் எழவில்லை என்று இராஜாக்களின் முதலாம் புத்தகம் 6ஆம் அதிகாரம் தெரிவிக்கின்றது. ஆனால் அதே ஆசிரியர் அடுத்த அதிகாரத்தில், அரசனின் கட்டடங்களுக்கான கற்கள் வாளால் அறுக்கப்பட்டவை என்பதைத் தயக்கமின்றி எழுதுகிறார். கருவியைக் குறித்துத் திருமறை ஒரே குரலில் பேசவில்லை. இதனை முதலில் நினைவிற்கொள்வது நலம். ஏனெனில் கைவேலை பரிசுத்தமானது, இயந்திரம் உலகப்பிரகாரமானது என்று எளிதாகப் பிரித்துவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு.

திருச்சபைக் கலைகளுள் வண்ணக்கண்ணாடி வேலையைப்போல் கருவியாலேயே உருப்பெற்ற கலை அரிது. கண்ணாடியைக் கையால் கீறி முறிப்பதா, மின்ரம்பத்தால் அறுப்பதா என்பது மேனாட்டுக் கலைஞரிடையே நெடிது விவாதிக்கப்பட்டதொரு வினா. அவ்வினாவை அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய நம் தொழில் நகர்களில் நின்று நோக்கினால் அது வேறொரு வடிவம் கொள்கின்றது.

12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தியோபிலஸ் என்னும் துறவி கலைத்தொழில்களைப்பற்றி இலத்தீனில் ஒரு நூல் எழுதினார். அதன் இரண்டாம் பகுதி கண்ணாடிக்குரியது. சுண்ணம் பூசிய பலகையின்மேல் சாளரத்தின் முழு உருவமும் வரையப்படும். கண்ணாடித்துண்டை அதன்மேல் வைத்துக் கோடிட்டு, பழுக்கக் காய்ச்சிய இரும்பின் முனையை விளிம்பில் ஒற்றினால் வெடிப்பு உண்டாகும். இரும்பை மெல்ல நகர்த்த வெடிப்பும் பின்தொடரும். கண்ணாடி கடினமாயிருந்து வெடிக்க மறுத்தால் விரலால் உமிழ்நீரைத் தொட்டு வைக்கும்படி அவர் சொல்லுகிறார். இவ்வளவு செய்தும் துண்டு கரடுமுரடாகவே கிடைக்கும். பின்பு இருமுனையும் வளைந்த ஓர் இரும்பினால் விளிம்பைச் சிறிது சிறிதாகக் கொறித்துக் கோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். பழைய சாளரங்களை ஈயம் நீக்கிப் பழுதுபார்ப்போர் இன்றும் அக்கொறித்த தடங்களைக் கொண்டே துண்டின் தொன்மையை அறிகின்றனர்.

அத்துறவியின் நூலில் இறையியல் மாணவர் தவறாது வாசிக்கவேண்டிய பகுதி மூன்றாம் பாகத்தின் முன்னுரையாகும். ஏசாயா 11ஆம் அதிகாரத்தை ஒட்டிச் சபை எண்ணிவந்த ஆவியின் ஏழு வரங்களையும் அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பட்டறையில் வேலைசெய்பவனுக்கு உரிமையாக்குகிறார். பெசலெயேலுக்கு அருளப்பட்ட ஆவி, சூளைக்கு முன் நிற்கும் தொழிலாளிக்கும் உண்டு என்பது அவர் துணிபு. எந்தக் கருவியைக்கொண்டு செய்தான் என்பதைவிட, பொருளின் இயல்பை எவ்வளவு அறிந்து செய்தான் என்பதே அவருக்கு முக்கியம்.

பிற்காலத்தில் காய்ச்சிய இரும்பு நீங்கி வைரமுனை வந்தது. 16ஆம் நூற்றாண்டளவில் அது பரவலாயிற்று. 1869இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் சாமுவேல் மான்ஸ் என்பவர் சிறு எஃகுச் சக்கரம் பொருத்திய வெட்டுக்கருவிக்குக் காப்புரிமை பெற்றார். இன்று நாம் கண்ணாடிக் கடைகளில் காணும் கருவி அதன் வழிவந்ததே. கையால் வெட்டுதல் என்று சொல்லப்படுவது, இவ்வாறு, மூன்று வேறு கருவிகளின் வரலாறு. ஆயினும் மூன்றிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. அவற்றுள் எதுவும் கண்ணாடியை உண்மையில் வெட்டுவதில்லை. மேற்பரப்பில் ஒரு வெடிப்பைத் தொடங்கிவைக்கின்றன. அது எவ்வழி ஓடும் என்பதைக் கண்ணாடியே தீர்மானிக்கின்றது.

மெல்லிய வளைவை அது ஏற்கும். உட்குழிந்த ஆழமான வளைவையோ உள்நோக்கிய செங்கோணத்தையோ ஏற்காது. வெடிப்பு நேரே விளிம்பை நோக்கி ஓடிவிடும். ஆகவே ஓவியன் தான் வரைந்த உருவத்தை, கண்ணாடி முறியக்கூடிய துண்டுகளாகப் பிரிக்கவேண்டியவனானான். துண்டும் துண்டும் கூடும் இடத்தில் ஈயப்பட்டை வந்தது. ஐரோப்பியப் பேராலயங்களின் சாளரங்களில் பரிசுத்தவான்களின் தோளையும் அங்கிமடிப்பையும் சூழ்ந்தோடும் கருங்கோடுகளை நாம் ஓவியத்தின் அழகாக வியக்கிறோம். அவ்வழகு கண்ணாடியின் பலவீனத்திலிருந்து பிறந்தது.

20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வைரத்தூள் பதித்த பட்டை ரம்பமும் வளைய ரம்பமும் கலைக்கூடங்களுக்குள் வந்தன. தண்ணீர் ஓடிக்கொண்டேயிருக்க, ரம்பம் கண்ணாடியைத் தேய்த்துத் தேய்த்து வழி உண்டாக்கும். தண்ணீர் சூட்டைத் தணிப்பதோடு தூளையும் அடக்குகிறது. வேலை விரைவில் முடியும் என்று எண்ணுவது தவறு. நேர்க்கோட்டையும் எளிய வளைவையும் பழகிய கை இதைவிட வெகுவிரைவில் முறித்துவிடும். ரம்பத்தின் உண்மையான ஆற்றல் வேறு. கண்ணாடி மறுத்துவந்த உருவங்களை அது அறுத்துத் தருகின்றது. ஈயக்கோடு இல்லாமலே உட்குழிவும் செங்கோணமும் கிடைக்கின்றன.

இதனால் ஒரு தொன்மையான கைத்திறன் அழிகிறது என்பது மேனாட்டார் சிலரின் வருத்தம். 1853இல் ரஸ்கின் எழுப்பிய குரலின் எதிரொலி அதில் உண்டு. துல்லியமாக வெட்டிய தம் நாட்டுக் கண்ணாடியைவிட, கோணலாயினும் செய்தவன் மனம் பதிந்த பழைய வெனிஸ் கண்ணாடியையே அவர் மேலாகக் கொண்டார். அவ்வருத்தத்தை நாம் அப்படியே கடன்வாங்க இயலுமா? இந்தியத் திருச்சபைக்கு அந்தக் கைத்திறன் பெரும்பாலும் வந்து சேரவேயில்லை. கல்கத்தா தூய பவுல் பேராலயத்தின் மேற்குச் சாளரம் இங்கிலாந்தில் பர்ன்-ஜோன்ஸ் வரைந்தது. மேயோ பிரபுவின் நினைவாக 1880இல் வைக்கப்பட்டது. 1924ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் பிரதிஷ்டை செய்யப்பட்ட மேதக் பேராலயமோ இன்னும் தெளிவான சான்று. மிஷனெரி பாஸ்நெட் அதனைப் பஞ்ச நிவாரணப் பணியாக எழுப்பினார். கல் சுமந்தவர்கள் அந்நாட்டு ஏழைகள். ஆனால் 1927, 1947, 1958 ஆகிய ஆண்டுகளில் அங்கே வைக்கப்பட்ட மூன்று சாளரங்களும் இங்கிலாந்தில் பிராங்க் சாலிஸ்பரி உருவாக்கியவை. நாடு விடுதலைபெற்றுப் பதினோராண்டு கழிந்தும் ஒளி மட்டும் கப்பலில் வந்தது. கல்லை நம்மிடம் ஒப்புவித்தவர்கள் கண்ணாடியை ஒப்புவிக்கவில்லை.

ஆகையால் இழப்பைப்பற்றிய பேச்சு நமக்குரியதன்று. நமக்குரியது தொடக்கத்தைப்பற்றிய பேச்சு.

அத்தொடக்கத்துக்குச் சென்னையின் மேற்குப் புறநகர் தகுதியான இடம். 1949இல் அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலை வந்தது. 1955இல் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு சோஷலிச மாதிரிச் சமுதாயத்தைக் குறிக்கோளாகத் தீர்மானித்தது. 1965இல் அதே ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. 2000த்தில், பூந்தமல்லி தாண்டி மேற்கே ஸ்ரீபெரும்புதூரில், 1665இல் பிரெஞ்சு அரசனின் ஆணையால் தோன்றிய செயின்ட்-கோபைன் நிறுவனம் கண்ணாடி வார்க்கத் தொடங்கியது. அது வண்ணச் சாளரத்துக்குரிய, வாயால் ஊதிய கண்ணாடியன்று. நிறமற்ற சமதளக் கண்ணாடியே. எனினும் கடைசலும் அளவுக்கருவியும் இப்பகுதி மக்களுக்கு இரண்டு மூன்று தலைமுறைப் பழக்கம். ஞாயிறன்று நம் ஆலயங்களில் அமர்ந்திருப்போருள் ஆயிரத்தில் ஓரங்குலப் பிழையையும் விரலால் உணரும் தொழிலாளர் உளர். அவர்கள் வண்ணக்கண்ணாடியை முதலில் சந்திப்பது பெரும்பாலும் மின்ரம்பத்தோடுதான்.

இங்கே ஜே. சி. குமரப்பாவை நினையாமல் இருக்கவியலாது. 1892இல் தஞ்சையில் பிறந்த இக்கிறிஸ்தவப் பொருளியலர், 1934இல் தோன்றிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்தியவர். உடலுக்கு உணவு எவ்வாறோ அவ்வாறே மனிதனின் உயர்ந்த ஆற்றல்களுக்கு வேலை என்பது அவர் கொள்கை. (1973இல் ஷூமாக்கர் தம் புகழ்பெற்ற நூலில் இக்கருத்தைப் பௌத்தப் பொருளாதாரம் என்ற தலைப்பின்கீழ் எடுத்தாண்டார். தமிழ்ச் சபை தன் மகனை மறந்தமைக்கு இது ஒரு சான்று.) குமரப்பாவின் அளவுகோலைக் கொண்டு பார்த்தால், ரம்பத்தைக் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே. அது வேலைசெய்பவனுக்கு எதைக் கற்பிக்கின்றது, எதை மறைக்கின்றது?

கண்ணாடியின் எல்லையை அது மறைக்கின்றது என்பதே என் கருத்து. ரம்பம் அறுத்த செங்கோண மூலையைக் கண்ணாடி ஏற்றுக்கொண்டதாகத் தோன்றும், உண்மையில் ஏற்கவில்லை. கூரிய உள்மூலையில்தான் அழுத்தம் யாவும் வந்து குவியும். சூடேறி ஆறும்போது, பட்டறையில் ஓடாத வெடிப்பு ஆலயச் சுவரில் ஓடக்கூடும். கையால் கீறிப் பழகியவன் பல துண்டுகளை வீணாக்கி இதனைக் கற்றிருப்பான். ரம்பத்திலேயே தொடங்கியவனுக்கு வரைபடத்தைத் திருத்தச்சொல்ல எவருமில்லை. ரம்பத்தை விலக்கவேண்டும் என்பதன்று. கொறிக்கும் இரும்பு செய்துவந்த வேலையை அது திறம்படவே செய்கின்றது. கீறி முறிக்கக் கற்றபின் அதனிடம் செல்வதே முறை.

சாளரம் செய்விக்க எண்ணும் குருவானவர் தொழிலாளியின் ரம்பத்தைப் பார்ப்பதைக் காட்டிலும் வரைபடத்தைப் பார்க்கவேண்டும். உள்மூலைகள் உருட்டப்பட்டுள்ளனவா, ஆழமான குழிவில் ஈயம் வகுக்கப்பட்டுள்ளதா என்று கேட்கவேண்டும். கீழ்த்திசை நோக்கிய சாளரத்தில் பிழை சில காலம் பொறுக்கக்கூடும். மேற்கு நோக்கிய சாளரமாயின், சித்திரை மாதத்துப் பிற்பகல் வெயில் ஏறி, மாலையில் ஒரு மழை பெய்தால் போதும்.