போர் மட்டுமா காரணம்? ஸ்டீரொய்ட் ஊசியும் கோபமும்

“முந்தி இப்படிக் கத்தமாட்டான் தம்பி. சண்டைக்குள்ள பட்டதுதான் இப்ப வெளியில வருதோ தெரியேல்லை” என்றார் சுன்னாகத்தில் நான் சந்தித்த தாய் ஒருவர். இறுதிப் போரின்போது மகனுக்கு எட்டு வயது. உடம்பு வளர்க்க அவர் ஸ்டீரொய்ட் ஊசி போடுவது தாய்க்குப் பின்னர்தான் தெரியவந்தது.

தசை வளர்க்கும் ஸ்டீரொய்ட்கள் ஆண் ஹோர்மோனான டெஸ்டொஸ்டெரோனைப் போன்றவை. ஆஸ்துமாவுக்கு வைத்தியர் தரும் ஸ்டீரொய்ட் வேறு; அதை நிறுத்த வேண்டாம். 2010 பொதுநலவாய விளையாட்டுப் போட்டியில் குத்துச்சண்டை வீரர் மஞ்சு வன்னியாராச்சி வென்ற தங்கப் பதக்கம் பறிக்கப்பட்டது நன்ட்ரோலோன் என்ற இவ்வகை மருந்தால்தான். பதக்கம் போவது செய்தியாகிறது. வீட்டின் நிம்மதி போவது செய்தியாவதில்லை.

2000இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் 50 ஆண்களுக்கு வாரம் 600 மில்லிகிராம் வரை டெஸ்டொஸ்டெரோன் ஏற்றப்பட்டது. 42 பேரில் பெரிய மாற்றமில்லை. 6 பேரிடம் ஓரளவும் 2 பேரிடம் கடுமையாகவும் அளவுமீறிய உற்சாகமும் எரிச்சலும் தெரிந்தன. ஆக, ஊசி போடும் எல்லோரும் முரடராவதில்லை. யார் மாறுவார் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது. வெளியில் பலர் இதைவிடக் கூடிய அளவில், பல மருந்துகளைக் கலந்து பாவிக்கிறார்கள்.

நிறுத்தும் காலமும் ஆபத்தானது. வெளியிலிருந்து ஹோர்மோன் வரும்போது உடல் தன் சுரப்பைக் குறைத்துவிடும். ஊசி நின்றபின் அது மீள வாரங்கள், சிலருக்கு மாதங்கள் செல்லும். அப்போது சோர்வும் மனச்சோர்வும் வரலாம். சிலருக்குத் தற்கொலை எண்ணமும் வரலாம்.

எங்கள் வீடுகளில் சிக்கல் இங்கேதான். தூக்கமின்மை, எரிச்சல், திடீர்க் கோபம் ஆகியவை நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோயிலும் உண்டு. போரை மட்டும் காரணமாக்கினால் ஊசி மறைந்துவிடும். ஊசியை மட்டும் பழித்தால் பழைய காயம் மறைந்துவிடும். ஒருவரிடம் இரண்டும் இருக்கலாம்.

மாற்றம் எப்போது தொடங்கியது, என்ன மருந்து, எவ்வளவு காலம் என்பதைச் சண்டையில்லாத நேரத்தில் கேளுங்கள். வைத்தியரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். நிறுத்துவதும் அவரது ஆலோசனையுடன் நடக்கட்டும். தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் யாழ். போதனா வைத்தியசாலையிலும் மனநல சிகிச்சை உண்டு. தேசிய மனநல உதவி இலக்கம் 1926. அடிதடி அளவுக்குப் போனால், முதலில் வீட்டிலுள்ளவர்கள் பாதுகாப்பான இடத்துக்கு விலகுங்கள்.