செங்கல்பட்டுக்காரர் பெயரில் ஒரு பாதை

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் பள்ளியில் 'ரெப்ரெஸாந்தாசியோன்' என்றால் நாடகத்தை மேடையேற்றுவது. கணிதத்திலும் இந்தச் சொல் உண்டு. பொருளும் ஏறக்குறைய அதுதான். இயற்கணிதம் என்பது எழுதி வைத்த நாடகம். அதை எத்தனை விதமாக மேடையேற்றலாம், ஒவ்வொரு மேடையும் எவ்வளவு பெரியது என்று கணக்கிடுவதே இந்தத் துறை.

இதில் நம் பக்கத்துக்காரர் ஒருவரின் பெயர் நிலைத்திருக்கிறது. சி.எஸ். சேஷாத்ரி 1932-இல் காஞ்சிபுரத்தில் பிறந்து செங்கல்பட்டில் வளர்ந்தவர். லயோலா கல்லூரியில் அவருக்கு வழிகாட்டியவர் பிரெஞ்சுப் பாதிரியார் ரசீன். பிறகு பம்பாய் டாடா ஆராய்ச்சி நிறுவனம். 1957 முதல் 1960 வரை பாரிஸ். 1970-களில் தம்மிடம் ஆய்வு செய்த வி. லட்சுமிபாய், முசிலி ஆகியோருடன் சேர்ந்து, மேடையின் அளவை எண்ணிச் சொல்லும் முறையொன்றை வளர்த்தார். 1990-களில் லிட்டல்மன் என்ற ஜெர்மானியர் அதைப் பாதைகளாக மாற்றி, 'லட்சுமிபாய்–சேஷாத்ரி பாதைகள்' என்றே அழைத்தார்.

மிக எளிய உதாரணம் ஒன்று. தாம்பரம் ஸ்டேஷனில் நிற்கிறீர்கள். இரண்டு ஸ்டேஷன் தூரம் மட்டும் போகலாம். தெற்கே நேராகப் போனால் வண்டலூர். வடக்கே நேராகப் போனால் குரோம்பேட்டை. சானடோரியம் வரை போய்த் திரும்பினால் மறுபடி தாம்பரம். தெற்கே போய்த் திரும்புவதற்கு விதியில் இடமில்லை. ஆக மூன்று பாதைகள்; மேடையின் அளவும் மூன்று.

1985 வாக்கில் சோவியத் ஒன்றியத்தில் டிரின்ஃபெல்டும் ஜப்பானில் ஜிம்போவும் தனித்தனியே குவாண்டம் இயற்கணிதத்தைக் கண்டார்கள். பழைய இயற்கணிதத்தில் 'க்யூ' என்ற ஓர் எண்ணைப் புகுத்தியது அது. அதில் முடிவில்லாமல் விரியும் வகைக்குக் குவாண்டம் அஃபைன் என்று பெயர். அங்கும் சில மேடைகளை அளக்க இந்தப் பாதைகளே உதவும் என்று பின்னாளில் நைட்டோ, சகாகி என்ற ஜப்பானியர்கள் காட்டினார்கள்.

சேஷாத்ரி 1984-இல் சென்னைக்குத் திரும்பினார். 1989-இல் தி.நகரில் அவர் தொடங்கிய கணிதப் பள்ளிதான் இன்று சிறுசேரியில் இருக்கும் சென்னை கணிதவியல் கழகம். அவர் 2020 ஜூலையில் காலமானார். அந்தக் கட்டிடத்தை நான் பலமுறை கடந்து போயிருக்கிறேன், ஏதோ கம்ப்யூட்டர் கம்பெனி என்று நினைத்துக்கொண்டு. ஒருநாள் உள்ளே போய் அவரைப் பார்த்திருக்கலாம்.

சாலைக்குப் பெயர் சூட்டக் கோரும் மனுக்கள் எத்தனையோ என் மேசைக்கு வந்ததுண்டு. இந்தப் பாதைக்கு அந்தப் பெயர் வேண்டுமென்று யாரும் மனுக் கொடுக்கவில்லை.