ஒரு 'வி' எழுத்தின் விலை: ஆன்போர்டு கிராஃபிக்ஸின் கதை

பழைய மதர்போர்டுகளைப் பற்றி நான் எடுத்துவைத்திருக்கும் குறிப்புகளில், அதிகம் திட்டு வாங்கியது 'ஆன்போர்டு கிராஃபிக்ஸ்'தான். தனியாக கிராஃபிக்ஸ் கார்டு வாங்காமலே மானிட்டரை நேராக மதர்போர்டில் செருகிக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு. அன்றைய வெளிநாட்டு விமர்சனங்களைப் படித்தால், குவேக் விளையாட்டு நொடிக்கு எத்தனை ஃபிரேம் ஓடுது என்று பார்த்து, "தேறாது" என்று முடித்திருப்பார்கள். நம்மூரில் அதை வாங்கியவர்கள் பாதிப்பேர் குவேக் என்ற பெயரையே கேட்டிருக்க மாட்டார்கள்.

திருத்தணி மாதிரி ஊரை எடுத்துக்குங்க. 1960 ஏப்ரல் 1 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்து, ம.பொ.சி. முதலானோர் நடத்திய எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு நம் பக்கம் வந்த ஊர். மலைக்கோயிலில் கல்யாணம் செய்துகொள்ள இரண்டு மாநிலத்துக்காரர்களும் வருவார்கள். அங்கே ஒரு டி.டி.பி. கடைக்கு வேண்டியது தமிழ் எழுத்துரு, தெலுங்கு எழுத்துரு, பேஜ்மேக்கர், ஒரு பிரிண்டர். பத்திரிகை அடிக்க முப்பரிமாணம் எதுக்கு? கம்ப்யூட்டர் வாங்க ரயிலேறி சென்ட்ரலில் இறங்கி, ரிச்சி தெருவுக்குப் போனால், கடைக்காரர் முதலில் எடுத்துப் போடுவது ஆன்போர்டு பலகையைத்தான். கார்டுக்கான காசு மிச்சம்.

இந்த வகையைப் பரவலாக்கியது 1999 ஏப்ரலில் வந்த இன்டெல் 810 சிப்செட். (அதே ஆண்டு பிப்ரவரியில்தான் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்து, டாம், டாப் குறியீடுகளும் தமிழ்99 விசைப்பலகையும் வந்தன.) முந்தைய ஆண்டு இன்டெல் வெளியிட்ட ஐ740 கிராஃபிக்ஸ் சிப் சந்தையில் எடுபடவில்லை. அதன் வழிவந்த கிராஃபிக்ஸைத்தான் சிப்செட்டுக்குள் வைத்தார்கள்.

அதற்கெனத் தனி நினைவகம் கிடையாது, கம்ப்யூட்டரின் ரேமையே பங்கு போட்டுக்கொள்ளும். இதில் எவ்வளவு போகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1024×768 திரை, 24 பிட் நிறம் என்றால் ஒரு படத்துக்கு சுமார் 2.4 மெகாபைட். பழைய டப்பா மானிட்டர் கண்ணை உறுத்தாமல் இருக்க நொடிக்கு 85 முறை வரைய வேண்டும். ஆக நொடிக்கு 200 மெகாபைட். பிசி100 ரேமின் உச்ச வேகமே நொடிக்கு 800 மெகாபைட்தான். நீங்கள் எதுவும் செய்யாமல் சும்மா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாலே கால்வாசி போச்சு! மானிட்டரை 60 ஹெர்ட்ஸுக்கு இறக்கினால் இது கொஞ்சம் குறையும், ஆனால் கண் வலிக்கும். அந்தக் கடைக்காரருக்கு உண்மையில் தேவைப்பட்டது கார்டு அல்ல, இன்னொரு 64 எம்பி ரேம்.

சரி, மெதுவான வேகத்தை விடுங்க, அது வாங்கிய அன்றே தெரிந்துவிடும். தெரியாமல் போனது வேறொன்று. 810-ல் கிராஃபிக்ஸ் கார்டு போடுவதற்கான ஏ.ஜி.பி. ஸ்லாட்டே கிடையாது. 2000-ல் வந்த 815-ல் ஆன்போர்டும் இருந்தது, ஸ்லாட்டும் இருந்தது. 2002 மே மாதம் பென்டியம் 4-க்காக வந்த 845ஜி-யிலும் அப்படியே. அதே ஆண்டின் பிற்பகுதியில் 845ஜிவி வந்தது. கூடவே ஒட்டிக்கொண்ட அந்த ஒரு 'வி' எழுத்துக்குப் பொருள், ஸ்லாட் இல்லை என்பது. 865ஜி, 865ஜிவி, 915ஜி, 915ஜிவி என்று இந்தக் கதை தொடர்ந்தது. பில்லில் ஒரு எழுத்து கூடுதலாக இருந்ததை யார் கவனித்தார்கள்? இரண்டு வருடம் கழித்து பையன் கேம் ஆட ஆசைப்பட்டால் மிஞ்சுவது சாதாரண பிசிஐ ஸ்லாட்: நொடிக்கு 133 மெகாபைட், அதுவும் மற்ற கார்டுகளோடு பங்கு. ஏ.ஜி.பி. 4எக்ஸ் அதைப்போல எட்டு மடங்கு. அதனால் ஒரு ஆன்போர்டு பலகையை மதிப்பிட முதல் கேள்வி "எவ்வளவு வேகம்?" இல்லை, "பிறகு மாற்ற வழி விட்டிருக்கிறார்களா?" என்பேன். விமர்சகர்கள் இதை ஓரத்தில் ஒரு வரியாகச் சொல்லிவிட்டுப் போனது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

865-ல் இன்னொரு நுணுக்கம். டிடிஆர்400 ரேமை இரண்டு குச்சிகளாகப் போட்டால் 6.4 ஜிகாபைட் வேகம், ஒற்றைக் குச்சி என்றால் அதில் பாதி. 256 எம்பி ஒன்று போடுவதும் 128 இரண்டு போடுவதும் கொள்ளளவில் ஒன்றுதான், ஆன்போர்டு கிராஃபிக்ஸுக்கு ஒன்றல்ல.

2007-ல் விஸ்டா வந்தபோது விவகாரம் அமெரிக்க நீதிமன்றம் வரை போனது. 915-ன் கிராஃபிக்ஸால் விஸ்டாவின் கண்ணாடித் திரைத் தோற்றத்தைக் காட்ட முடியாது. ஆனாலும் அதை வைத்த கம்ப்யூட்டர்களில் 'விஸ்டா கேப்பபிள்' ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. 2008-ல் மைக்ரோசாஃப்டின் உள் மின்னஞ்சல்கள் வழக்கில் வெளியானபோது, அந்நிறுவன அதிகாரிகளே இதைப் பற்றிப் புலம்பியிருந்தது தெரிந்தது.

2011 ஜனவரியில் வந்த சாண்டி பிரிட்ஜில் கிராஃபிக்ஸ் பிராசசரின் சில்லுக்குள்ளேயே போய்விட்டது. அதே ஆண்டு செப்டம்பர் 15 அன்று, திருத்தணி ரயில் பாதையிலேயே இருக்கும் திருவள்ளூரை ஒட்டிய காக்களூரில், அரசின் விலையில்லா லேப்டாப் திட்டம் தொடங்கியது. இன்றைய மதர்போர்டில் இருப்பது எச்.டி.எம்.ஐ. துளை மட்டும்தான், படம் பிராசசரில் இருந்து வர வேண்டும். 2019 முதல் இன்டெல் பிராசசர் பெயரின் கடைசியில் 'எஃப்' இருந்தால், அதில் கிராஃபிக்ஸ் வேலை செய்யாது. அதை வாங்கிவந்து மதர்போர்டின் எச்.டி.எம்.ஐ.-யில் கேபிளைச் செருகிவிட்டு, திரை ஏன் கறுப்பாகவே இருக்கு என்று கேட்டு இன்னமும் எனக்கு எழுதுகிறார்கள்.