மழைக் கணக்கும் வேலைப் பங்கீடும்

ருவான்வெல்லை முதலான சபரகமுவ மலைச்சாரல்களில், தென்மேற்குப் பருவமழை தோட்டத் தொழிலுக்கு வாழ்வையும் குன்றடியில் வாழ்வோருக்கு அச்சத்தையும் ஒருங்கே தருவது. 2016 மே 17ஆம் நாள் கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் மலை சரிந்து ஊர்கள் புதையுண்டமை அவ்வச்சத்துக்குச் சான்றாகும். இத்தகைய மழையைக் கணக்கினால் முன்னறியும் முயற்சி, பல பொறிகள் ஒருங்கியங்கும் இணைக்கணிப்பு முறை வளர்ந்தமைக்கும் ஒரு காரணமாயிற்று.

ஆங்கில அறிஞர் லூயிஸ் பிரை ரிச்சர்ட்சன் 1922இல் வெளியிட்ட நூலில், 64,000 கணிப்பாளர் அமர்ந்த பெருமண்டபமொன்றைக் கற்பனை செய்தார். வளிமண்டலம் கட்டங்களாகப் பகுக்கப்படும். ஒவ்வொருவரும் தத்தம் பகுதியையே கணிப்பர். ஆயினும், அயலாரின் விடையை நோக்கியே அடுத்த படிக்குச் செல்வர். நடுவில் நிற்கும் தலைவர், முந்துவோர்மீது செவ்வொளியும் பிந்துவோர்மீது நீலவொளியும் பாய்ச்சி அனைவரையும் ஒருசீராக நடத்துவார். இக்காலத்து நிரலாக்கத்தின் மூன்று கூறுகளாகிய பங்கீடு, செய்திப் பரிமாற்றம், ஒத்தியக்கம் என்பன இதனுள் அடங்கியுள்ளன.

மின்கணிப்பொறியாகிய எனியாக்கின் வழியாக 1950இல் முதல் வானிலைக் கணிப்பு நிகழ்ந்தது. 24 மணி நேர முன்கணிப்புக்கு ஏறத்தாழ 24 மணி நேரமே செலவாயிற்று. மழை பெய்தபின் வரும் முன்னறிவிப்பினால் பயன் யாது? மேலும், கட்டத்தின் அகலத்தைப் பாதியாக்கின், கட்டங்கள் 4 மடங்காகும்; காலப்படியும் பாதியாக வேண்டுதலின், வேலை 8 மடங்காகும். மலையும் பள்ளத்தாக்கும் வேறுவேறாகத் தோன்றுமளவு கட்டங்களைச் சிறிதாக்க விழைவோர் பல பொறிகளை நாடியது இதனாலேயாம்.

எனினும், பொறிகளைப் பெருக்குவதால் மட்டும் விரைவு பெருகாது. வேலையில் பத்திலொரு பங்கு பகுக்கவியலாததாயின், எத்தனை பொறிகள் சேரினும் விரைவு 10 மடங்கைக் கடவாது என்பது ஜீன் அம்டால் 1967இல் முன்வைத்த வாதத்தின் முடிவு. எனவே, நிரலை வகுப்போர் முதலில் ஆராயவேண்டியது, எவ்வேலை எதற்காகக் காத்திருக்கின்றது என்பதையே.

இந்தியாவில் பெங்களூர்த் தேசிய விண்ணூர்தி ஆய்வகம் 1986இல் புளோசால்வர் என்னும் இணைக்கணிப்பொறியை அமைத்தது. பருவமழை முன்கணிப்பு நிரலும் பின்னர் அதில் இயக்கப்பட்டது. புனேயின் சீ-டாக் நிறுவனம் 1991இல் பரம் 8000ஐ உருவாக்கியது. பொறிகளிடையே செய்தி கடத்துதற்குரிய எம்.பி.ஐ. என்னும் பொதுவிதிகள் 1994இல் வெளியாயின. ஒரு பொறிக்கென எழுதிய நிரல் பிறிதொன்றிலும் இயங்க அவை வழிசெய்தன.

மழையின் அளவை அறிந்தமாத்திரத்தே மண்சரிவை அறிந்ததாகாது. மண்ணின் இயல்பும் சரிவின் சாய்வும் உடன் ஆராயப்படல் வேண்டும். ஆயினும், மழைக்கு முன்னரே விடை கிட்டுமாயின், குன்றடியில் வாழ்வோர் வெளியேறுதற்கு அவகாசம் கிடைக்கும். ரிச்சர்ட்சன் கண்ட கனவின் பயன் அதுவேயாம்.